தரிசுக் கணக்கில் ஒரு காடு

திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினட் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. அங்கே தாவரவியலுக்கு உழைத்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி அல்ஃபிரட் ராபினட்டின் பெயரில் அருட்தந்தை கே. எம். மத்தேயு 1967-இல் அதைத் தொடங்கினார். மேற்குத் தொடர்ச்சி மலைகளின் சோலைக்காடுகளைத் தேடித் தாவரவியலாளர்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில், மத்தேயு தம் மாணவர்களோடு வெயில் காயும் சமவெளியில் செடி சேகரித்தார். கடற்கரைக்கும் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட அந்தச் சமவெளிக்குப் பழைய புவியியலாளர்கள் வைத்த பெயர் கர்நாடகப் பகுதி. அதன் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1981 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. காரை, சூரை, கிளுவை, விராலி, உசிலை, வெப்பாலை, சங்கஞ்செடி என்று ஆடு மேய்ப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த செடிகளெல்லாம் அதில் படத்தோடும் இடத்தோடும் பதிவாயின. தமிழ்நாட்டின் வறண்ட நிலம் இன்று எவ்வளவு மாறியிருக்கிறது என்று யாராவது அளக்க முயன்றால், அளவுகோலை முதலில் இங்கேதான் தேட வேண்டியிருக்கும்.

வறண்ட நிலச் சூழலியல் என்றதும் நம் நினைவு ராஜஸ்தானுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போய்விடுகிறது. திருச்சியைக் காவிரிக்கரை ஊராக மட்டுமே பார்த்துப் பழகியது இதற்கு ஒரு காரணம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் திருவரங்கம், கிழக்கே கல்லணை, அதற்கப்பால் நெல் வயல். ஆனால் ஆற்றை விட்டு மேற்கே மணப்பாறைக்கோ தெற்கே விராலிமலைக்கோ போனால் ஒரு மணி நேரத்துக்குள் நிலம் வேறாகிவிடுகிறது. செம்மண், பாறைக் கரடு, முள்மரம், வானம் பார்த்த புஞ்சை. ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டியது. ஜெய்சல்மேரோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. ஆனாலும் இந்திய மண்வள ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு மேட்டுநிலத்தை வெப்பமான பகுதி வறண்ட மண்டலம் என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். பெய்யும் மழையைவிட வெயில் உறிஞ்சும் ஈரம் அதிகம். பெய்வதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகச் சொல்வதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவம் என்கிறது. திருச்சிச் சீமையின் புதர்க்காட்டைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வரையறை எனக்குத் தெரியவில்லை. ஆண்டின் சில மாதங்கள் முல்லையாகவும் பல மாதங்கள் பாலையாகவும் இருக்கும் நிலம் இது.

இந்த ஏற்ற இறக்கம்தான் இங்குள்ள உயிர்களின் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஐப்பசியில் முதல் கனமழை இறங்கியதும் ஈசல் புறப்படும், கொழுக்கட்டைப்புல் தளிர்க்கும், ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து விதைத்து மடியும் சிறுசெடிகள் பாறை இடுக்கெல்லாம் நிறையும். தை பிறந்ததும் அவை காய்ந்துவிட, விதைகள் மட்டும் மண்ணில் காத்துக் கிடக்கும். சதுரக்கள்ளி தன் இலைத்துளைகளைப் பகலில் மூடிவைத்து இரவில் திறக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவை அப்போது வாங்கிச் சேமித்து, வெயிலில் நீரை இழக்காமல் உணவு செய்கிறது. வெள்வேல் இலையைச் சிறிதாக்கி முள்ளை நீட்டியிருக்கிறது. மரத்தையும் சருகையும் மட்கவைக்கும் வேலையை ஈரக்காடுகளில் பூஞ்சைகள் பெருமளவு செய்கின்றன. இங்கே அதில் பெரும்பங்கு கறையானுடையது. கறையான் இருப்பதால் அதைத் தின்னும் அழுங்கும் உடும்பும் வாழ்கின்றன. புற்றுகள் நிறைந்த, மரம் குறைந்த இடத்தைச் செத்த நிலம் என்று எண்ணுகிறவர் இந்தச் சங்கிலியைக் கவனிக்கத் தவறுகிறார்.

இச்சங்கிலியில் ஆய்வாளர்கள் நுணுகிப் படித்த விலங்கு தேவாங்கு. ஒல்லியான கைகால், நெற்றியில் ஒட்டிய இரண்டு பெரிய கண், உள்ளங்கையில் அடங்கிவிடும் உடல். குரங்கினத்துக்குத் தூரத்து உறவான இந்த இரவாடியை மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் உடன் ஆய்வாளர்களும் திண்டுக்கல் காடுகளில் தேடிக் கணக்கெடுத்து 1999-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதையொட்டிய காலத்தில், 1997-98-இல், அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் அய்யலூர்ப் பக்கத்துக் காட்டில் மாதக்கணக்கில் இரவு விழித்துத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்தார். அதுவரை தேவாங்கு தனித்துத் திரியும் மந்தமான பிராணி என்றே நூல்கள் எழுதிவந்தன. அய்யலூரில் கண்டது வேறு. பகலில் சில தேவாங்குகள் ஒன்றாகச் சுருண்டு உறங்குகின்றன. இரவில் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொள்கின்றன. தாய் தன் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரைதேடப் போக, குழுவின் மற்றவை வந்து அதனோடு விளையாடுகின்றன. இரையில் பெரும்பகுதி எறும்பும் கறையானும். கடிக்கும் பூச்சிகளைத் தின்னும்போது தன் சிறுநீரைக் கையிலும் முகத்திலும் பூசிக்கொள்வதையும் பார்த்திருக்கிறார்கள். கடியின் எரிச்சலைத் தணிக்கவே அப்படிச் செய்கிறது என்பது ஒரு கருத்து.

முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும் புதர்தான் தேவாங்குக்கு வேண்டியது என்பது இந்த ஆய்வுகளிலிருந்து பாதுகாப்புக்குக் கிடைக்கும் செய்தி. அது தாவும் விலங்கு இல்லை. ஒரு கிளையை விடாமல் மறு கிளையைப் பற்றி நகர்வது. கிளைகள் தொடாத இடத்தில் தரையில் இறங்கியே ஆகவேண்டும். அங்கே நாயும் வாகனமும் இருக்கின்றன. ஆகவே ஒழுங்காகச் சுத்தம் செய்து வரிசையாக மரம் நட்ட தோப்பு தேவாங்குக்குப் பயன்படாது. கிராமத்து வேலியில் கிளுவையும் கள்ளியும் மண்டிக் கிடந்தால் அதில் அது வாழ்ந்துவிடும். உயிர்வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்ட ஒவ்வொரு தோட்டமும் அதன் பாதையை அறுக்கிறது. திருச்சி - திண்டுக்கல், திருச்சி - மதுரை நான்குவழிச் சாலைகள் அகலமானபோது அறுபட்ட பாதைகளும் உண்டு.

2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிய 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம் இது. திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். யானையோ புலியோ இல்லாத, சுற்றுலாவுக்கு உதவாத ஒரு முள்காட்டை, உள்ளங்கையளவு விலங்குக்காக ஓர் அரசு ஒதுக்கியது பெரிய திருப்பம் என்றே நான் கருதுகிறேன். நம் ஊரில் 'தேவாங்கு' என்பது ஒருவரை இளக்காரமாகத் திட்டும் சொல். அதன் கண்ணும் உறுப்பும் மருந்து, மாந்திரீகம் என்று விலைபேசப்பட்டன. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குரிய அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு என்ற செய்தி ஊர்களுக்குள் போய்ச் சேரவே நெடுநாள் ஆயிற்று. இனி கேள்வி, கடவூருக்கு வெளியே துவரங்குறிச்சி, நத்தம் பக்கமாகச் சிதறிக் கிடக்கும் சிறு காடுகளையும் கரடுகளையும் பற்றியது. சரணாலய எல்லை ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே தொடர்பு அறுந்தால் உள்ளே இருக்கும் கூட்டம் தீவில் சிக்கியதாகிவிடும்.

அந்தச் சிறு காடுகளுக்கும் மேய்ச்சல் வெளிகளுக்கும் அரசு ஏடுகளில் இருக்கும் பெயர்கள் தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து, புறம்போக்கு. வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்று ஆங்கிலேயர் காலத்து வருவாய் முறை எழுதிவைத்ததை விடுதலைக்குப் பின்னும் நாம் மாற்றவில்லை. செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் தரிசு நில வரைபடத் தொகுப்பைத் தயாரித்தபோதும் புதர்நிலங்கள் அந்தத் தலைப்பின்கீழேயே சேர்ந்தன. இதற்கு மாற்றாக எம். டி. மதுசூதனும் அபி வனக்கும் இந்தியாவின் பகுதி வறண்ட திறந்தவெளி இயற்கை நிலங்களைத் தனியே வரைபடமாக்கி 2022-இல் வெளியிட்டார்கள். நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 10 விழுக்காடு இத்தகைய நிலம். அதில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானதே சரணாலயம், தேசியப் பூங்கா போன்ற பாதுகாப்புக்குள் வருகிறது. காடு அழிகிறது என்று கூட்டம் போட்டுப் பேசும்போது நம்மில் பலருக்கு இந்த நிலம் நினைவுக்கே வருவதில்லை.

தரிசு என்று முடிவு கட்டிவிட்டால் அடுத்து வருவது மரம் நடுதல். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் தலைமையகம் திருச்சியில்தான் இருக்கிறது, 1974-இல் தொடங்கியது. காகித ஆலைகளுக்கான தைலமரத் தோட்டங்கள் புதுக்கோட்டைப் புதர்நிலங்களில் பரந்து கிடப்பதைப் பேருந்துச் சன்னலிலிருந்தே பார்க்கலாம். அவற்றால் கண்மாய்களுக்கு வரும் மழைநீர் தடைபடுகிறது என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை ஏறத்தாழ 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் அந்த 33-ஐ எட்டக் கன்றுகளை எங்கே நடுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சாலையோரம், ஆற்றங்கரை, பள்ளி வளாகம், அழிந்த காடு என்றால் வரவேற்கலாம். ஆதியிலிருந்தே மரம் நெருங்காத புல்வெளியிலும் பாறைக் கரட்டிலும் குழி தோண்டினால், அங்கே ஏற்கெனவே வாழ்கிற கல்கவுதாரியும் வானம்பாடியும் கண்கிலேடியும் இடம் இழக்கும். வெயில் நிலத்தில் நிழல் உண்டாக்குவது எப்போதும் புண்ணியம் ஆகிவிடாது.

நட்ட மரம் எப்படித் திரும்பத் தாக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது: சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் விறகுக்காகவும் வேலிக்காகவும் அரசுகளே விதை தூவிப் பரப்பிய மரம். கட்ச்சின் பன்னி புல்வெளியில் 1960-களில் நட்டது இன்று அந்தப் புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் எங்கும் ஏரிப்படுகையும் புறம்போக்கும் அதன் வசம். அதன் வேர் ஆழத்து நீரைத் தொடும். அதன் இலைச்சருகு மற்றச் செடிகளின் முளைப்பைத் தடுக்கும். அதன் காயைத் தின்னும் ஆடும் மாடும் விதையைச் சாணத்தோடு ஊரெல்லாம் விதைக்கும். வெளிமானும் அதே வேலையைச் செய்கிறது. குஜராத்தின் வேளாவதார் வெளிமான் பூங்காவில் நடந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஆண் மான்கள் தம் எல்லையைக் காக்க ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கை இடுகின்றன. தின்ற காய்களின் விதைகள் அங்கே குவிந்து, புல்வெளியின் நடுவே சீமைக்கருவேல முளைகள் கிளம்புகின்றன. தான் வாழும் வெளியைத் தானே அடைக்கும் நிலைக்கு அந்த மான் தள்ளப்பட்டிருக்கிறது. 1967-இல் வெளிமானுக்காகச் சரணாலயமான கோடியக்கரையிலும் இந்த மரத்தோடு வனத்துறை இடைவிடாது மல்லுக்கட்டுகிறது.

இந்த மரத்தை அகற்றக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொடங்கிய வழக்கு 2017-இல் பெரும் வெட்டு இயக்கமாக மாறியது நினைவிருக்கும். ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியது. ஆனால் வேரோடு கிளறிப்போட்ட மண்ணில், அடுத்த மழைக்கே மண்ணுக்குள் கிடந்த பழைய விதைகள் முளைத்தன. வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல்லும் புதரும் பிடிக்கும்வரை, முளைத்து வருவதை ஆண்டுக்கு ஆண்டு பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு மீட்பதையும் சேர்த்துப் பேசியது அதன் வலு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கரிமூட்டம் போட்டு இந்த மரத்தில் பிழைக்கும் குடும்பங்கள் தென்மாவட்டங்களில் நிறைய. வறட்சியில் வேறு விளைச்சல் இல்லாதபோது அடுப்பெரித்ததும் இதே மரம்தான். அவர்களை ஒதுக்கிவிட்டு எடுக்கும் எந்த முடிவும் நிலைக்காது.

விராலிமலைக்கு வருவோம். முருகன் கோயில் குன்றைச் சுற்றி மயில்கள் திரிவதால் ஊருக்கே பேர். இன்று அந்த மயில் நெல்லுக்கும் கடலைக்கும் எமனாகிவிட்டது என்கிறார்கள் சுற்றுவட்டார விவசாயிகள். அவர்கள் மிகைப்படுத்தவில்லை. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 20 ஆண்டுகளில் மயில்கள் 150 விழுக்காடு பெருகியிருப்பதாக மதிப்பிடுகிறது. முன்பு மயிலே அரிதாக இருந்த கேரளத்தில் அது பரவுவதை, அந்த மாநிலம் வறண்டு வருவதன் அறிகுறியாக 2020-இல் ஓர் ஆய்வு வாசித்தது. நரி, காட்டுப்பூனை போன்ற இரைகொல்லிகள் குறைந்ததும், தேசியப் பறவை என்பதால் வேட்டை நின்றதும், சீமைக்கருவேலம் கொடுத்த மறைவும் சேர்ந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதே அறிக்கை திறந்தவெளிப் பறவைகள் சரிந்துவருவதையும் காட்டுகிறது. புதரும் வயலும் கலந்த எந்த இடத்திலும் ஒத்துப்போகிற மயில் பெருக, புல்வெளியை மட்டுமே நம்பிய பறவைகள் அருகுகின்றன. மயிலைப் பார்த்து வனவளம் பெருகிவிட்டது என்று மகிழ்வதும், விஷம் வைத்துக் கொல்வதும் இரண்டுமே பிழை. பயிர் இழப்புக்கு உடனடி இழப்பீடு, இரைகொல்லிகளுக்கு வாழிடம் என இரண்டு பக்கமும் வேலை நடந்தால்தான் இந்தச் சண்டை தணியும்.

திறந்தவெளிப் பறவைகளின் சரிவுக்குக் கடைசி எல்லை கானமயில். இந்தியாவில் எஞ்சியிருப்பவை சுமார் 150. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தார்ப் பாலையில். மண்ணைப் பார்த்துக்கொண்டே பறக்கும் இந்தக் கனத்த பறவைக்கு நேர் எதிரே பார்வை குறுகியது. உயர் அழுத்த மின்கம்பியை அருகில் வந்தபின்தான் காண்கிறது, விலகுவதற்குள் மோதிவிடுகிறது. 2021-இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. சூரிய மின்சாரத்தின் தேவையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற வாதத்தால் 2024-இல் அந்த உத்தரவைத் திருத்தி வல்லுநர் குழு அமைத்தது. இது ராஜஸ்தான் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. 2016-இல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. வெயில் அதிகம், நிலம் மலிவு, கேட்க ஆள் குறைவு என்று வறண்ட நிலம் எங்கே இருந்தாலும் இதே கணக்குதான் போடப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா பீடபூமியில் காற்றாலைகள் வந்தபின் பருந்துகள் விலகிவிட, விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகி, அவற்றின் உடல்நிலையும் நிறமும் நடத்தையுமே மாறியதை 2018-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். புதைபடிவ எரிபொருளைக் கைவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நிலையம் வரும் முன் அந்த இடத்தில் என்ன வாழ்கிறது என்று குறைந்தது சில பருவங்களாவது எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதில்தான் அழுத்தமாக நிற்கிறேன்.

திருச்சி விமான நிலையத்துக்கும் இந்தப் பேச்சில் இடமுண்டு. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. உள்ளே வருவது அது என்றால் இந்தியாவிலிருந்து வெளியே போவதில் முதன்மையானது நட்சத்திர ஆமை. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம், குஜராத், இலங்கை என வறண்ட புதர்நிலங்களே அதன் வீடு. தென்னிந்தியாவின் ஒரே ஒரு வணிக மையத்துக்கு மட்டும் ஆண்டுக்கு குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டதாக 2015-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019-இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் முதல் இணைப்புக்கு அதை உயர்த்தினார்கள். பறிமுதல் செய்வதோடு வேலை முடிவதில்லை. தென்னிந்திய ஆமைகளும் வடமேற்கு ஆமைகளும் மரபணுவில் வேறுபட்டவை. பிடிபட்ட ஆமை எந்த ஊர்ப் புதரைச் சேர்ந்தது என்று தெரியாமல் கிடைத்த காட்டில் விட்டால், நோயும் கலப்பும் புதுச் சிக்கலாகும். ஆய்வுக்கூடத்து மரபணு வேலை சுங்க அதிகாரியின் கைக்கு நேரடியாக உதவ வேண்டிய இடம் இது.

காட்டை அறிந்தவர்கள் எல்லாரும் ஆய்வேட்டில் இடம்பெறுவதில்லை. 1986-இல் கடப்பைப் புதர்க்காட்டில், பல பத்தாண்டுகளாக யாரும் காணாத ஜெர்டன் பறவை திரும்பக் கண்டெடுக்கப்பட்டது உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவரின் கையால். திருச்சியை அடுத்த தேவராயநேரி நரிக்குறவர் குடியிருப்பில் கவுதாரியின் குரலைத் தொண்டையில் எழுப்பி அழைக்கத் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள். சட்டம் வேட்டையை நிறுத்தியது. அந்த அறிவுக்கு வேறு வேலை தரவில்லை. 2023 தொடக்கத்தில்தான் அவர்களுக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்தது. கண்காணிப்பு, கணக்கெடுப்பு, தடம் அறிதல் ஆகியவற்றில் அவர்களை ஊதியத்தோடு சேர்த்துக்கொள்ளாத வனத்திட்டம் தனக்கே நட்டம் செய்துகொள்கிறது. மேய்ப்பர்களும் அப்படியே. திருச்சி கருங்குறும்பை என்ற செம்மறி இனம் இந்தப் புல்லுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி தலைமுறை தலைமுறையாக உருவானது. மேய்ச்சலே கேடு என்று காட்டைப் பூட்டிவிட்டால், புல் முற்றிக் காய்ந்து தீப்பிடிக்கும் வாய்ப்பு கூடும். மேய்ச்சல் மிகுந்தால் புல்லின் விதை வங்கியே தீரும். எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒவ்வொரு மழை ஆண்டிலும் விடை மாறும். சேலம் வாழப்பாடிப் பக்கம் தைப் பொங்கலில் வங்கா நரியைப் பிடித்து ஊர்வலம் விடும் வழக்கத்தை வனத்துறை வழக்கும் அபராதமும் போட்டுத் தடுத்துவருகிறது. அந்த நரியின் முகத்தில் விழித்தால் மழை பெய்யும் என்று நம்பிய ஊருக்கு, வயல் எலியைத் தின்று அது செய்யும் உதவியைச் சொன்னால் நம்பாமலா போவார்கள்?

திருவரங்கத் தீவிலும் வறண்ட நிலம் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி கொள்ளிடம் மணல்வெளிதான். மணலைத் தரிசாகக் கண்ட அதே கண்தான் அதை அள்ளி விற்றது. ஆட்காட்டி முட்டையிடும் திட்டும், மழைநீரை உறிஞ்சிக் கிணறுகளுக்குக் கொடுக்கும் படுகையும் ஒருசேரக் கரைந்தன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டதும், பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததும் மணல் இழந்த ஆற்றைப் பற்றிய விவாதத்தைக் கிளப்பின. திருவரங்கத்துக்கு மேற்கே மேலூரில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற பெற்றோர்கள் நிறைய. பூச்சி உண்ண ஏற்ற செடிகளை நட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. ஆனால் வெள்ளெருக்கும் ஆவாரையும் ஆதொண்டையும் ஊர்ப்புறத்தில் தாமாக வளரும் இடங்களிலும் இதே பூச்சிகள் பணச்செலவின்றி இனம்பெருக்குகின்றன. அந்த இடங்களைக் 'குப்பைமேடு' என்று சமன்செய்யும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பாதுகாப்பு நடந்துவிடும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024 சனவரியில் ராம்சர் நிலமானது. வரித்தலை வாத்து வரும் ஏரி என்று நாளிதழ்கள் கொண்டாடின. ஏரியைக் காக்க மக்கள் உடனே முன்வருகிறார்கள். அந்த ஏரிக்கு நீர் தரும் மேட்டுப் புதர்நிலத்துக்கு அப்படி வாதாட ஆள் கிடைப்பதில்லை.

ஆய்வின் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழை இவ்வளவு தாறுமாறாக மாறும் நிலத்தில் இரண்டு ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு ஒரு நல்ல ஆண்டையும் ஒரு கெட்ட ஆண்டையும் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடும் அபாயம் உண்டு. முதுமலையின் உலர் இலையுதிர் காட்டில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் 50 ஹெக்டேர் அளவுக்கு நிரந்தர ஆய்வுப்பரப்பு அமைத்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, தீயும் வறட்சியும் யானையும் செய்வதைப் பல பத்தாண்டுகளாக அளந்துவருகிறது. சமவெளியின் முள்காட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு பரப்பேனும் வேண்டும். பெரிய செலவு ஆகாது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும், சுமார் 800 ஏக்கர் பரந்த தேசியத் தொழில்நுட்பக் கழகமும் மதில் சுவருக்குள் பெருவளாகங்கள் வைத்திருக்கின்றன. அவற்றின் ஒரு மூலையை வெட்டாமல், நடாமல், கூட்டாமல் விட்டு, மாணவர் தலைமுறைகளே ஆண்டுதோறும் எண்ணி வரலாம். மத்தேயு செடி எடுத்த இடங்களுக்கு மீண்டும் போய் எது நிற்கிறது, எது போயிற்று என்று பார்க்கும் மறு ஆய்வும் அதனோடு சேரலாம். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாமலும் தொடர் தரவு உருவாகும் என்று காட்டிவிட்டது. ஏரிக்கரைக்குப் போகும் அளவுக்கு அந்த ஆர்வலர்கள் கரட்டுக்கும் காய்ந்த புல்வெளிக்கும் போனால் வரைபடமே மாறும்.

சட்ட வழியும் இருக்கிறது. மதுரை மேலூரை அடுத்த அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் பாறைக்குன்றும் சுனையும் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. லகர் வல்லூறும் போனெல்லி கழுகும் பாறையில் கூடுகட்டும் இடம் அது. இரண்டே ஆண்டில் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தபோது, அந்த ஊர்களின் விவசாயிகள் கிராம சபையில் தீர்மானம் போட்டு மதுரை வரை நடந்தார்கள்; 2025 சனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டியைப் போன்ற குன்றுகள் திருச்சி, புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்களில் எத்தனையோ நிற்கின்றன. பலவற்றில் கல்குவாரி ஏற்கெனவே ஏறிவிட்டது. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். மணப்பாறை, மருங்காபுரி ஒன்றியங்களின் ஊராட்சிகள் அந்தப் பதிவேட்டைத் திறந்து தங்கள் கரட்டில் உள்ள தேவாங்கையும் அழுங்கையும் கண்கிலேடியையும் முறையாக எழுதி வைத்திருந்தால், அடுத்த குத்தகை ஏலம் வரும்போது அந்த நிலத்தைத் தரிசு என்று ஒரே சொல்லில் முடித்துவிட யாராலும் இயலாது.